பொருந்தாத தோட்டா

1940 மார்ச் 13, லண்டன் காக்ஸ்டன் ஹால். கிழக்கிந்தியச் சங்கமும் ராயல் மத்திய ஆசியச் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டம். பேச்சு ஆப்கானிஸ்தானைப் பற்றி. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துகொள்ளும் நேரத்தில் உதம் சிங் முன்னால் வந்தார். ஆறு முறை சுட்டார். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து, அதை நியாயப்படுத்திய மைக்கேல் ஓ'ட்வையர் இரண்டு குண்டுகள் பட்டு இறந்தார். இந்தியா மந்திரி ஜெட்லண்ட் பிரபு, லாமிங்டன் பிரபு, பஞ்சாபின் இன்னொரு முன்னாள் கவர்னர் லூயிஸ் டேன் ஆகிய மூவரும் காயத்தோடு பிழைத்துக்கொண்டார்கள்.

இது நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்த வழக்கில் ஒரு சின்ன விவரம் உண்டு, படங்களிலும் பாடப்புத்தகங்களிலும் அது பெரும்பாலும் வருவதில்லை. உதம் சிங் கையில் இருந்தது .455 அளவுள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். அதற்குள் அவர் போட்டிருந்த தோட்டாக்கள் .44 அளவு. அவையும் பழைய சரக்கு. குழலைவிடக் குண்டு சிறிது. மிக அருகிலிருந்து சுடப்பட்ட ஓ'ட்வையர் இறந்தார். மற்ற மூவரும் பிழைத்ததற்கு இந்தப் பொருந்தாத தோட்டாதான் காரணம் என்று அந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த ரிவால்வரை அவர் மதுக்கடை ஒன்றில் ஒரு சிப்பாயிடம் விலைக்கு வாங்கியிருந்தார். அதாவது செகண்ட் ஹேண்ட்.

பழைய ரிவால்வர் ஒன்றைக் கைமாற்றி வாங்கும்போது என்னவெல்லாம் கைமாறுகிறது, என்னவெல்லாம் மாறாமல் நின்றுபோகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கேட்க ஏதோ பொழுதுபோக்குக்காரர்கள் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான இரண்டு கொலை வழக்குகளில் இந்தக் கேள்விதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்துவிட்டோம். இன்னொன்றுக்கு டல்லாஸ் போகணும். அதற்குமுன் கொஞ்சம் இரும்பைப் பற்றிப் பேசிவிடலாம்.

எண் என்பது பெயர்

தமிழில் நமக்குத் துப்பாக்கி என்று ஒரே சொல். கௌபாய் வேஷத்தில் ஜெய்சங்கர் சுழற்றியதும் துப்பாக்கி, மணியாச்சியில் 1911-ல் வாஞ்சிநாதன் வைத்திருந்ததும் துப்பாக்கி. முன்னது ரிவால்வர். பின்னது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் பிஸ்டல். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு பெட்டியில் அடுக்கியிருக்கும். ரிவால்வரில் சுழலும் சிலிண்டர் ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாலோ விசையை அழுத்தினாலோ சிலிண்டர் ஓர் அறை நகர்ந்து, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும்.

தோட்டா என்பதிலும் நமக்குக் குழப்பம் உண்டு. தோட்டா முழுப் பொருள். அதில் பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் பிரைமர், முன்னால் ஈயக் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், கூடு தங்கிவிடும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கொலை வழக்கே இதில்தான் நிற்கிறது.

இப்போது அந்த எண்கள். .38, .44, .455 என்றெல்லாம் சொல்கிறோமே, இவை அங்குலக் கணக்கு. .455 என்றால் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். ஆனால் எல்லா எண்ணும் உண்மை அளவைச் சொல்வதில்லை. .44 தோட்டாக்கள் பலவற்றின் குண்டு உண்மையில் .43-ஐ ஒட்டித்தான் இருக்கும். .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் குண்டு .358 தான். பிறகு ஏன் .38 என்று பெயர்?

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய ரிவால்வர்களில் மருந்தையும் குண்டையும் முன்பக்கமிருந்து தனித்தனியாக இடித்து நிரப்பவேண்டும். பின்பக்கமிருந்து முழுத் தோட்டாவைச் செருக, சிலிண்டர் அறை முழுக்கத் துளையாக இருக்கவேண்டும். அந்த யோசனைக்கான காப்புரிமை 1855-லிருந்து ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. அவரிடமிருந்து உரிமை வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி. 1869-ல் அந்தக் காப்புரிமை முடியும்வரை கோல்ட் உட்பட மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முடிந்த உடனே என்ன செய்தார்கள்? ஏற்கெனவே நாடெங்கும் இருந்த .36 அளவுப் பழைய ரிவால்வர்களைத் தோட்டா போடுகிற மாதிரி மாற்ற ஆரம்பித்தார்கள். அப்படி மாற்றிய துப்பாக்கிக்கென்று வந்த தோட்டாவின் கூடு ஏறக்குறைய .38 அங்குலக் கனம். அதனால் பெயர் .38. பிற்காலத்தில் குண்டு சிறுத்து கூட்டுக்குள் போனது, குழலும் சிறுத்தது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஆக, .38 என்ற பெயரே பழைய துப்பாக்கியைத் திருத்தியதில் பிறந்தது. ஊர்ப்பெயர்களில் ஏரி இருக்கும், ஊரில் ஏரி இருக்காது, அந்த மாதிரி. இதில் ஆபத்து எங்கே என்றால், பின்னால் வந்தவர்கள் ஒரே .38 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல தோட்டாக்களைச் செய்தார்கள். பெயரை நம்பி வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார்.

சாம்ராஜ்யத்தின் கைத்துப்பாக்கி

பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் பர்மிங்ஹாமின் வெப்ளி ரிவால்வரை ஏற்றுக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று மார்க் எண்கள் ஏறி, 1915-ல் வந்தது மார்க் 6. ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்கு மேல் எடை. மேலே உள்ள கொக்கியைத் தள்ளினால் குழல் முன்பக்கம் மடிந்து இறங்கும். கூடவே ஒரு நட்சத்திரத் தகடு எழும்பி ஆறு காலிக்கூடுகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். சேற்றிலும் வேலை செய்கிற இயந்திரம் என்று முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பேர் வாங்கியது.

அன்றைக்கு அதிகாரிகள் கைத்துப்பாக்கியைத் தங்கள் சொந்தப் பணத்திலேயே வாங்கிக்கொள்வது வழக்கம். எந்தக் கம்பெனி ஆனாலும் சரி, ஆனால் அரசாங்கத் தோட்டா அதில் பொருந்தவேண்டும் என்பது நிபந்தனை. இது முக்கியமான விஷயம். துப்பாக்கியை யார் வாங்கினாலும், துப்பாக்கியையும் தோட்டாவையும் பிரியவிடாமல் ஒரு விதி சேர்த்துப் பிடித்திருந்தது.

போர் பெருக்கவும் வெப்ளி மட்டும் போதவில்லை. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம் ஆர்டர் போனது. பிரிட்டிஷ் தோட்டாவுக்கு ஏற்ற .455 ரிவால்வர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல் அங்கே தயாராகின. போர் முடிந்ததும் படை கலைந்தது. துப்பாக்கிகளில் பல அலமாரிக்கும் டிரங்குப் பெட்டிக்கும் போயின. தோட்டாவையும் துப்பாக்கியையும் சேர்த்து வைத்திருந்த அந்த விதி, படையோடு சேர்ந்து கலைந்துவிட்டது.

இந்தியாவில் கதை வேறு மாதிரி. லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ விலக்கு கொடுத்திருந்தார்கள். உதம் சிங்குக்கு இந்தச் சட்டத்தோடு நேரடிப் பரிச்சயம் இருந்தது. 1927-ல் அமிர்தசரஸில் லைசென்ஸ் இல்லாத ரிவால்வர்களோடும் தடைசெய்யப்பட்ட கெதர் இயக்க வெளியீடுகளோடும் பிடிபட்டு, ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். 1931-ல் வெளியே வந்தார்.

அதே மனிதர் சாம்ராஜ்யத்தின் தலைநகரத்துக்குப் போகிறார். இங்கிலாந்திலும் 1920 சட்டம் துப்பாக்கிக்குச் சான்றிதழ் கேட்டது. ஆனால் போர் முடிந்த ஒரு நாட்டில் எல்லா அலமாரியையும் சட்டம் திறந்து பார்க்க முடியாது. மதுக்கடையில் ஒரு சிப்பாய் விற்றான், இவர் வாங்கினார். அமிர்தசரஸில் ஐந்து வருஷம் வாங்கித்தந்த பொருள் அங்கே மேஜைக்கு மேஜை கைமாறியது.

ஆனால் மதுக்கடையில் வாங்கிய பொருளுக்குக் கூடவே தோட்டாப் பெட்டி வராது. கையேடு வராது. எந்தத் தோட்டா இதற்குச் சரி என்று சொல்லித்தர ஸ்டோர் ஹவில்தார் இருக்கமாட்டான். கடைக்குப் போய் .455 வேண்டும் என்று கேட்டால் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். கிடைத்ததைத்தான் போடவேண்டியிருக்கும். .44 தோட்டா .455 அறைக்குள் தளர்வாக இருக்கும், ஆனால் வெடிக்கும். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு கசியும். தள்ளவேண்டிய வேகத்தில் ஒரு பகுதி அப்படியே வீணாகும். குண்டைத் திருகிவிடுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய வரிகளும் அதைச் சரியாகப் பிடிக்காது.

இதைச் சொன்னால் சிலருக்கு உதம் சிங்கைக் குறைத்துச் சொல்கிற மாதிரி தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயுதச் சட்டம் ஒரு மனிதனிடமிருந்து பறிப்பது துப்பாக்கியை மட்டும் அல்ல, அதைப் பற்றிய அறிவையும்தான் என்பதற்கு அந்த ஆறு தோட்டாக்கள் சாட்சி. துப்பாக்கியைத் திருட்டுத்தனமாக வாங்கிவிடலாம். பழக்கத்தை அப்படி வாங்கமுடியாது.

சீவிய சிலிண்டர், தோண்டிய அறை

இரண்டாம் உலகப்போருக்குள் பிரிட்டன் .455-ஐ விட்டு .38-க்கு இறங்கியிருந்தது. 1930-களில் வந்த என்ஃபீல்டு ரிவால்வர் இந்த அளவுதான். போர் தொடங்கியதும் மறுபடி பற்றாக்குறை, மறுபடி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். விக்டரி மாடல் என்று பெயர். வரிசை எண்ணுக்கு முன்னால் வி என்ற எழுத்து இருக்கும். பிரிட்டனுக்கும் அதன் கூட்டு நாடுகளுக்கும் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் போயின. இவை போட்டது .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற குட்டையான, சற்றே பருத்த தோட்டா. அமெரிக்கப் படைக்கும் போலீஸுக்கும் போனவை போட்டது .38 ஸ்பெஷல் என்ற நீளமான, ஒல்லியான தோட்டா.

1950-களில் ஐரோப்பாவின் கிடங்குகளிலிருந்து பழைய ராணுவத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குத் திரும்பின. சாம் கம்மிங்ஸ் என்ற வியாபாரி விர்ஜினியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கிடங்குகள் நிறையத் துப்பாக்கி வைத்து விற்றார். பத்திரிகையில் விளம்பரம், கூப்பனை வெட்டிப் பணத்தோடு அனுப்பினால் வீட்டுக்கே பார்சல். விலை மிக மலிவு.

ஒரே ஒரு சிக்கல். துப்பாக்கி வந்தது, தோட்டா வரவில்லை. வெப்ளிக்கான .455 அமெரிக்காவில் அரிது. கடைகளில் குவிந்து கிடந்தது .45 ஏசிபி என்ற அமெரிக்க ராணுவப் பிஸ்டல் தோட்டா. என்ன செய்தார்கள்? வெப்ளி சிலிண்டரின் பின்முகத்தை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். பிறைவடிவக் கிளிப்பில் மும்மூன்றாகச் செருகிய .45 ஏசிபி இப்போது உள்ளே உட்காரும். இப்படிச் சீவிய வெப்ளிகள் ஆயிரக்கணக்கில் விற்றன. இன்றும் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கும் மார்க் 6-களில் பல இந்த ரகம்.

உட்கார்வது வேறு, ஒத்துப்போவது வேறு. முழு அழுத்தமுள்ள .45 ஏசிபி கொடுக்கும் அழுத்தம், வெப்ளியைச் சோதித்துப் பார்க்கவென்றே பயன்படுத்திய சோதனைத் தோட்டாவின் அழுத்தத்தை எட்டும், சில சமயம் தாண்டும். சோதனைத் தோட்டாவை ஒரு துப்பாக்கி ஆயுளில் ஓரிரு முறை தாங்கினால் போதும். இங்கே வாங்கியவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே சுட்டார். சிலிண்டர்கள் விரிசல் விட்டன, சில பிளந்தன. துப்பாக்கி மட்டமானது என்று பேர். அது பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்த இயந்திரம்.

விக்டரி மாடலுக்கு வேறு வைத்தியம். .38 ஸ்பெஷல் உள்ளே போகும்படி அறையை நீளவாக்கில் தோண்டினார்கள். ஆனால் அறையின் பின்பகுதி ஏற்கெனவே பருத்த தோட்டாவுக்காக வெட்டியது. அதை மறுபடி ஒல்லியாக்க முடியாது. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் சுடும்போது பித்தளைக் கூடு அந்த இடைவெளியை நிரப்ப வீங்கும். அடிப்பக்கம் கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்து வெளியே வரும், சில சமயம் கிழியும். குழலும் பழைய குண்டுக்கானது. புதிய குண்டு அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒல்லி.

நூலளவுதான். அதற்கு என்ன விலை என்பது டல்லாஸில் தெரிந்தது.

டல்லாஸ், 1963

1963 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தபால் வியாபாரி ஒருவருக்கு ஒரு கூப்பன் வந்தது. பெயர் ஏ. ஜே. ஹைடெல். விலை 29 டாலர் 95 சென்ட். அனுப்பியவரின் உண்மைப் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். பார்சலில் வந்தது ஒரு விக்டரி மாடல். போர்க்காலத்தில் பிரிட்டனுக்காகச் செய்தது, கனடா வழியாக அமெரிக்காவுக்குத் திரும்பியது. ஐந்து அங்குலக் குழலை இரண்டேகால் அங்குலமாக வெட்டியிருந்தார்கள். அறையை .38 ஸ்பெஷலுக்குத் தோண்டியிருந்தார்கள். குழலை மட்டும் மாற்றவில்லை.

நவம்பர் 22-ம் தேதி ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு முக்கால் மணி நேரம்போல் கழித்து, டல்லாஸின் இன்னொரு பகுதியில் ஜே. டி. டிப்பிட் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமா தியேட்டர் ஒன்றில் ஆஸ்வால்டைப் பிடித்தபோது இந்த ரிவால்வர் அவரிடம் இருந்தது.

வழக்கமாக இந்த மாதிரி வழக்கில் குண்டுதான் முதல் சாட்சி. குழலின் வரிகள் குண்டின்மேல் கீறல்களைப் பதிக்கும். அதே துப்பாக்கியில் இன்னொரு குண்டைச் சுட்டுப் பார்த்து இரண்டையும் நுண்ணோக்கியில் ஒப்பிடுவார்கள். இங்கே எஃப்பிஐ நிபுணர்களால் அது முடியவில்லை. ஒல்லியான குண்டு பருத்த குழலுக்குள் ஆடி ஆடிப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கீறல் ஒவ்வொரு மாதிரி. அதே ரிவால்வரில் அடுத்தடுத்துச் சுட்ட இரண்டு குண்டுகளையே பொருத்த முடியவில்லை. வெளியிலிருந்து வந்த வேறொரு நிபுணர் நான்கு குண்டுகளில் ஒன்றை மட்டும் பொருத்திச் சொன்னார்.

சாட்சி சொன்னது கூடு. கொலை நடந்த இடத்துக்கு அருகே கிடைத்த நான்கு காலிக்கூடுகளின் அடிப்பகுதியில், சுத்தியல் முள்ளும் பின்தகடும் பதித்த தழும்புகள் இந்த ரிவால்வரோடு மட்டுமே பொருந்தின. வாரன் கமிஷன் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ரிவால்வரில் சுட்ட கூடுகள் வீங்கியிருந்ததும் கமிஷன் முன்னிலையில் பதிவானது. குண்டுகளைப் பொருத்த முடியாமல் போனதோ அன்றிலிருந்து இன்றுவரை சதிக் கோட்பாட்டாளர்களுக்குத் தீனி. உண்மையில் அதற்குக் காரணம் ஒரு பட்டறையில் யாரோ மிச்சம்பிடித்த குழல் செலவு.

கூப்பன் அனுப்பி வீட்டுக்குத் துப்பாக்கி வரவழைக்கும் காலம் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு முடிந்தது. பழைய ராணுவத் துப்பாக்கி இறக்குமதிக்கும் அப்போது கடிவாளம் விழுந்தது. ஆனால் சீவியதும் தோண்டியதும் ஏற்கெனவே வீடுகளுக்குள் போய்விட்டன. அவைதான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இரும்பை வாசிப்பது

அமெரிக்காவில் இன்றைக்கு ஒருவர் பழைய வெப்ளியோ விக்டரி மாடலோ வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் தெரிந்தவர் எப்படிப் பார்ப்பார்?

முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பார். விற்பவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. அடுத்து முத்திரைகள். விக்டரி மாடலில் அமெரிக்க அரசின் சொத்து என்ற வாசகம் இருக்கலாம். பிரிட்டனில் ஒருமுறை தனியாருக்கு விற்கப்பட்டிருந்தால் அங்கே சோதனைச்சாலை முத்திரை விழுந்திருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813-லிருந்து செய்துவரும் வேலை இது. அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, உடையாமல் நின்றால் முத்திரை. இது இங்கிலாந்தில் செய்ததல்ல என்றுகூட அடித்து அனுப்பியிருப்பார்கள். பெருமை விடுமா?

அந்த முத்திரைகளில் ஒன்றில் .38, .767, மூன்றரை டன் என்று மூன்று விஷயம் பொறித்திருக்கும். முதலாவது அளவின் பெயர். இரண்டாவது கூட்டின் நீளம், அங்குலத்தில். மூன்றாவது சதுர அங்குலத்துக்குத் தாங்கும் அழுத்தம். மதுக்கடைச் சிப்பாய் சொல்லாமல் விட்டது, தபால் விளம்பரம் மறைத்தது எல்லாம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் 1.155 அங்குலம். .767 என்று முத்திரை உள்ள துப்பாக்கியில் ஒரு .38 ஸ்பெஷல் காலிக்கூடு அடிவரை இறங்கிவிட்டதென்றால், நடுவில் யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாட்சி வேறு வேண்டாம். வெப்ளியில் அதே மாதிரி சிலிண்டரின் பின்முகத்துக்கும் பின்தகட்டுக்கும் நடுவே இடைவெளி வழக்கத்தைவிட அதிகமா என்று அளந்து பார்ப்பார்.

பிறகுதான் இயந்திரம். சுத்தியலை மெதுவாக இழுத்து, அது முழுசாகப் பின்னால் போய் நிற்கும்போது சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்ப்பார். பூட்டவில்லை என்றால் அறையும் குழலும் நேராக நிற்காது. சுடும்போது ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி இருக்கவேண்டும். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது கறுத்த வளையம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி அதன் பின்னால் இன்னொன்று மோதியிருக்கிறது என்று புரிந்துகொள்வார். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தால் இன்னும் சந்தேகப்படுவார். புதுச் சாயம் ஏற்றுகிறவர்கள் அதற்குமுன் தேய்ப்பார்கள். தேய்ப்பில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கும், திருகாணித் துளை பள்ளமாகும்.

வாங்கியபின் வரும் கோளாறுகளுக்கும் ஒரு வரிசை உண்டு. சிலிண்டர் பாதியில் இறுகி நின்றால், அனுபவசாலிகள் உடனே இயந்திரத்தைக் கழற்றமாட்டார்கள். நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத்துகள் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்துப் பார்ப்பார்கள். பாதி நேரம் அதுதான். சுத்தியல் தட்டியும் வெடிக்கவில்லை என்றால், விசை லேசாக இருக்கட்டும் என்று முந்தைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை நறுக்கியிருப்பார். சீவிய வெப்ளியில் கிளிப் இல்லாமல் தோட்டாவைப் போட்டாலும் இதே கோளாறு வரும். தட்டும் முள்ளுக்குத் தோட்டா எட்டாது. கூடு வீங்கினாலோ, பிளந்தாலோ, வெளியே வர அடம்பிடித்தாலோ அவர்கள் அதற்குமேல் சுடமாட்டார்கள். துப்பாக்கியைத் தெரிந்த கம்மியரிடம் கொண்டுபோவார்கள்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை துப்பாக்கி தானாகச் செய்துகொண்டவை அல்ல. ஒவ்வொன்றும் முன்பு வைத்திருந்த ஒருவர் எடுத்த முடிவு. அதனால்தான் இதைப் பழுதுபார்ப்பது என்பதைவிட வாசிப்பது என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே

வெப்ளி பிறந்த பிரிட்டனில், 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் வந்த 1997 சட்டங்களால் சாதாரணமாக யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இந்தியாவிலோ வெப்ளி ஒரு விதத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா அளவுகள் இங்கே பொதுவாகத் தனியாருக்குத் தடை. அதனால் லைசென்ஸ் உள்ளவர்களுக்கென்று அரசு ஆயுதத் தொழிற்சாலை .32 ரிவால்வரைச் செய்கிறது. அதைத் திறந்து பாருங்கள். குழல் முன்பக்கம் மடியும், நட்சத்திரத் தகடு எழும்பும். பழைய வெப்ளியின் பேரன். பாட்டனைச் சாம்ராஜ்யம் செய்தது, பேரனின் அளவை 1959 ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் தீர்மானித்தன.

நம் ஊர்களில் சில பழைய குடும்பங்களில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இன்னும் இருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிவருவார்கள். லைசென்ஸ் புத்தகம் பத்திரமாக இருக்கும். ஆனால் எந்தத் தோட்டா, எந்தக் கம்பெனி, கடைசியாக எப்போது சுட்டது என்பது பெரும்பாலும் தாத்தாவோடு போயிருக்கும். சட்டம் காகிதத்தைக் கைமாற்றச் சொல்கிறது. அறிவைக் கைமாற்ற எந்தச் சட்டத்தாலும் முடிவதில்லை.

உதம் சிங்கின் ரிவால்வர் ஸ்காட்லாந்து யார்டின் குற்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கிற இடம் அல்ல அது. அவருடைய உடைமைகளை இந்தியாவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக உண்டு, அது நியாயம்தான். என்றாவது அது அமிர்தசரஸுக்கு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டால், பக்கத்தில் ஒரு .44 தோட்டாவையும் ஒரு .455 தோட்டாவையும் சேர்த்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை. தியாகி என்ற ஒரு சொல்லோடு நகர்ந்துவிடாமல், இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த நூலளவு வித்தியாசத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். கிடைத்ததை வைத்துக்கொண்டுதான் அவர் அந்த ஹாலுக்குள் போனார் என்பது அப்போது புரியும்.